ஒரே இரத்தம், மூன்று தீர்ப்பு

1964ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் நடந்தது. 15 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் பின்லாந்தின் ஈரோ மாண்டிராண்டா இரண்டாவதாக வந்தவரைவிட 40 விநாடி குறைந்த நேரத்தில் தூரத்தை முடித்தார். 30 கிலோமீட்டரில் இடைவெளி ஒரு நிமிடத்துக்கும் மேல். ஓரிரு விநாடியில் பதக்கம் கைமாறுகிற விளையாட்டு இது. இந்த மனிதர் இரத்தத்தில் ஏதோ செய்திருக்கிறார் என்று ஊரெல்லாம் முணுமுணுத்தது.

இரத்தத்தில் விஷயம் இருந்தது உண்மைதான். சாதாரணமாக ஓர் ஆணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 14 முதல் 17 கிராம் வரை ஹீமோகுளோபின் இருக்கும். அவருக்கு 20ஐத் தாண்டியது. காரணம் தெரிய 1993 ஆயிற்று. நம் சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, சுருக்கமாக இ.பி.ஓ. எலும்பு மஜ்ஜைக்குப் போய் ‘சிவப்பணுக்களை உண்டாக்கு’ என்று சொல்வது அதன் வேலை. போதுமான அளவு வந்ததும் இந்தக் கட்டளையை அடக்க ஒரு பிரேக் உண்டு. மாண்டிராண்டா குடும்பத்தில் பலருக்கு, பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றத்தால், அந்தப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. சிவப்பணு அதிகம், அதனால் தசைகளுக்குப் போகும் ஆக்சிஜனும் அதிகம். மூச்சு வாங்க வாங்க ஓடும் விளையாட்டில் இதைவிடப் பெரிய வரம் வேறு என்ன வேண்டும்!

இதே பலனை அடைய இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மலைமேல் தங்குவது. காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் உடம்பே இ.பி.ஓ.வைக் கூட்டிக்கொள்ளும். மலைக்குப் போக முடியாதவர்களுக்கென்று கூடாரம் வந்துவிட்டது. கட்டிலைச் சுற்றி அதைக் கட்டி, ஆக்சிஜன் குறைந்த காற்றை நிரப்பி, உள்ளே படுத்துத் தூங்கலாம். உடம்பு தான் ஏதோ சிகரத்தில் இருப்பதாக ஏமாந்துபோகும். இன்னொன்று ஊசி. சிறுநீரக நோயாளிகளின் இரத்தச்சோகைக்காக 1980களின் இறுதியில் செயற்கை இ.பி.ஓ. சந்தைக்கு வந்தது. சைக்கிள் வீரர்களிடமும் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடமும் அது போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக வந்தது.

மூன்று வழியிலும் கிடைப்பது ஒன்றேதான்: கெட்டியான இரத்தம். பிறவியில் வந்தால் மேதை. கூடாரத்தில் வந்தால் தொழில் அக்கறை. ஊசியில் வந்தால் நான்கு ஆண்டுத் தடை. உடல்திறனைக் கூட்டும் தொழில்நுட்பங்கள் பற்றிய எல்லா வாதமும் இந்த மூன்று தீர்ப்புகளுக்கு நடுவில்தான் சிக்கிக் கிடக்கிறது.

சரி, தடை செய்பவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 1999இல் தொடங்கப்பட்டது. அதன் சுருக்கப்பெயர் ‘வாடா’. நம் காதுக்கு யாரையோ அதட்டிக் கூப்பிடுவது போலத்தான் கேட்கும். வீரர்களில் பாதிப் பேருக்கும் ஏறக்குறைய அப்படித்தான் கேட்கிறது போலும். அதன் விதி இதுதான்: ஒரு பொருளோ முறையோ திறனைக் கூட்ட வேண்டும், உடல்நலத்துக்குக் கேடாக இருக்க வேண்டும், ‘விளையாட்டின் ஆன்மா’வுக்கு விரோதமாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஏதாவது இரண்டு பொருந்தினால் தடைப்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

முதல் இரண்டையும் ஆய்வகத்தில் ஓரளவு அளக்க முடியும். மூன்றாவதை என்ன செய்வது? நேர்மை, துணிச்சல், அர்ப்பணிப்பு, கூட்டுணர்வு, மகிழ்ச்சி என்று நீளமான ஒரு பட்டியலை வைத்திருக்கிறார்கள். நல்ல பட்டியல்தான். ஆனால் அதை வைத்து ஒரு கூடாரத்தை அனுமதிப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க முடியாது. 2006இல் இந்தச் சோதனை நிஜமாகவே வந்தது. கூடாரம் விளையாட்டின் ஆன்மாவுக்கு எதிரானது என்று வாடாவின் அறநெறிக் குழு சொன்னது. வீரர் எதுவும் செய்வதில்லை, சும்மா படுத்திருக்கிறார், இயந்திரம் வேலை செய்கிறது என்பது அதன் வாதம். மலையில் தங்குபவரும் இரவில் தூங்கத்தானே செய்கிறார் என்று விமர்சகர்கள் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் தடை வரவில்லை. கஃபீன் கதை இன்னும் வேடிக்கை. ஓர் அளவுக்கு மேல் சிறுநீரில் தென்பட்டால் குற்றம் என்று இருந்தது, 2004 முதல் குற்றமில்லை என்று ஆயிற்று. கஃபீன் அப்போதும் அதே கஃபீன்தான்.

பழைய வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் வழியில் துவண்டபோது, உதவியாளர்கள் முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னின் கலந்து கொடுத்தார்கள், அப்புறம் பிராந்தியும். ஸ்ட்ரிக்னின் எலியைக் கொல்லும் விஷம்; சிறிய அளவில் நரம்பை முறுக்கேற்றும். அவருக்குத் தங்கம் கொடுத்தார்கள். அதே பந்தயத்தில் அவருக்கு முன்னால் எல்லையைத் தொட்டவர் பிரெட் லோர்ஸ். பாதி வழியில் காரில் ஏறி வந்தார் என்று தெரிந்ததும் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். ஆக அன்றைய கணக்கில் கார் மோசடி, விஷம் மருத்துவ உதவி. ஊக்கமருந்துக்குச் சர்வதேசத் தடகள அமைப்பு 1928இல் தடை விதித்தது. ஆனால் கண்டுபிடிக்க அப்போது சோதனையே கிடையாது. 1967இல் பிரிட்டன் சைக்கிள் வீரர் டாம் சிம்ப்சன் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், மோன் வெந்தூ மலை ஏற்றத்தில் சுருண்டு விழுந்து இறந்தார். உடலில் ஆம்பெட்டமைன் என்ற ஊக்கமருந்து இருந்தது. ஒலிம்பிக்கில் சோதனை அதற்கு அடுத்த ஆண்டுதான் தொடங்கியது.

இயற்கை என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்?

‘இயற்கையாக வந்தது நியாயம், செயற்கையாக வந்தது மோசடி’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் மாண்டிராண்டா தன் மரபணுவைச் சம்பாதிக்கவில்லை. உயரம், நுரையீரலின் கொள்ளளவு, தசை நார்களின் வகை, ஏன், பயிற்சிக்கு உடம்பு எவ்வளவு இணங்குகிறது என்பதுகூடப் பெருமளவு பிறவியில் வருவது. உழைப்பை மட்டும் அளக்கும் பந்தயம் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை.

இன்னொரு பக்கம், இயற்கையாக வந்ததையும் விளையாட்டு உலகம் எப்போதும் மதிப்பதில்லை. தென்னாப்பிரிக்க ஓட்டக்காரி காஸ்டர் செமன்யாவின் உடல் பிறவியிலேயே ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அதிகமாகச் சுரக்கிறது. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான சர்வதேசப் பெண்கள் பந்தயங்களில் ஓட வேண்டுமானால் அதை மருந்தால் குறைத்துக்கொண்டு வா என்றது தடகள அமைப்பின் விதி. அது பாகுபாடுதான், ஆனால் தேவையான பாகுபாடு என்று விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொன்னது. அவருடைய வழக்கு சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் முறையாக விசாரிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை 2025இல் சொன்னதே தவிர, விதி சரியா தப்பா என்று அது சொல்லவில்லை. பெண்கள் பிரிவைக் காப்பது என்பது தனிப் பெரிய விவாதம். அதை இங்கே தீர்த்துவிட முடியாது. ஆனாலும் ஒருவரை மருந்து எடுத்ததற்காகத் தடை செய்யும் அதே அமைப்பு இன்னொருவரை மருந்து எடுக்காததற்காக நிறுத்திவைத்தது. ‘இயற்கை’ என்ற சொல் இரண்டுக்கும் சேர்த்து பாரம் தாங்காது.

என் கணிப்பு இதுதான்: அந்தக் கோடு இயற்கையில் எங்கும் கிடையாது, நாமே போட்டது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினால் சீக்கிரம் கோலுக்குப் போய்விடலாம். அது பாவம் இல்லை. ஆனால் அது கால்பந்து இல்லை. எந்தத் திறமையை அளக்கிறோம் என்று முதலில் முடிவு செய்கிறோம். அதை மறைக்கும் எதையும் வெளியே வைக்கிறோம்.

உடைகள், காலணிகள் விஷயத்தில் இதை ஒளிவுமறைவு இல்லாமல் செய்திருக்கிறார்கள். 2009இல் ரோம் உலக நீச்சல் போட்டியில் 43 உலக சாதனைகள் உடைந்தன. பாலியூரித்தேன் உடை உடம்பை இறுக்கி, தண்ணீரில் மேலே மிதக்க வைத்தது. அது எல்லோருக்கும் ஒரே அளவு உதவவும் இல்லை. யார் நன்றாக நீந்துகிறார் என்பது போய், யாருக்கு உடை நன்றாகப் பொருந்தியது என்று ஆகிவிட்டது. 2010 ஜனவரி முதல் அந்த உடைக்குத் தடை. யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை, சாதனைகளையும் அழிக்கவில்லை. மாரத்தான் காலணியிலும் அப்படித்தான். எலியுட் கிப்சோகே 2019இல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தை ஓடினார். காலில் கார்பன் தகடு வைத்த காலணி. சுழற்சி முறையில் வேகம் பிடித்துக் கொடுக்க, காற்றைத் தடுக்கும் வியூகத்தில் ஆட்கள் ஓடியதால் அது அதிகாரபூர்வச் சாதனையாக ஏறவில்லை. 2020இல் காலணிக்கு விதி வந்தது: அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, உள்ளே ஒரு தகடுதான், போட்டிக்கு முன் நான்கு மாதமாவது அது கடையில் கிடைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்று தத்துவம் பேசவில்லை. எல்லோர் கைக்கும் எட்டுமா என்று மட்டும் கேட்டது.

ஆபத்தில்லாமல் அனுமதித்தால் என்ன?

தத்துவப் பேராசிரியர் ஜூலியன் சவுலெஸ்கு போன்றவர்கள் 20 ஆண்டுகளுக்கு மேலாக இப்படிக் கேட்கிறார்கள்: மருந்தைக் கண்டுபிடிக்க ஓடுவதை விட்டுவிட்டு, உடம்புக்கு எது பாதுகாப்பான அளவு என்று பாருங்கள். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு ஓர் அளவுக்குள் இருந்தால் அது பிறவியில் வந்ததா, கூடாரத்தில் வந்ததா, ஊசியில் வந்ததா என்று ஏன் கவலைப்பட வேண்டும்? கேட்க நியாயமாகவே இருக்கிறது. மூன்று தீர்ப்புக் குழப்பமும் ஒரே வீச்சில் தீர்ந்துவிடும்.

இதை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்தாகிவிட்டது. சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு 1997இல் ஆண்களுக்கு ஹீமடோக்ரிட் வரம்பு 50 சதவீதம் என்று வைத்தது. அதாவது இரத்தத்தின் கன அளவில் சிவப்பணுக்கள் பாதிக்கு மேல் போகக்கூடாது. இ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கச் சோதனை இல்லாத காலம் அது. இரத்தம் கூழாகி இதயம் நிற்காமல் இருக்கட்டும் என்று வைத்த வேலி. நடந்தது என்னவென்றால், வேலியே இலக்காகிவிட்டது. அணிகள் இரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரிக்கும் கையடக்க சென்ட்ரிஃபியூஜ் கருவியை வைத்துக்கொண்டு தாங்களே அளந்தன. அளவு கூடிவிட்டால், சோதனைக்கு முன்னால் உப்புநீரை ஏற்றி இரத்தத்தை நீர்க்கச் செய்தார்கள். 42இல் இருந்தவருக்கு 50 வரை ஏறப் பெரிய இடம் இருந்தது, இயல்பிலேயே 48இல் இருந்தவருக்கு அவ்வளவு இல்லை. அதனால் ‘எல்லோரும் சமம்’ என்பதும் நடக்கவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. மருந்து பாதுகாப்பானதா என்ற கேள்வியில் நாம் அதை எடுப்பவரைப் பற்றி மட்டுமே நினைக்கிறோம். எடுக்க விரும்பாதவர் கதை என்ன? பிரான்ஸின் கிறிஸ்டோப் பாசோன்ஸ் மருந்து தொடாத சைக்கிள் வீரர் என்று சக வீரர்களுக்கே தெரியும். 1999 டூர் டி பிரான்ஸில் ஊக்கமருந்து பற்றி வெளிப்படையாக எழுதினார். கூட்டத்தில் யாரும் அவரோடு பேசவில்லை. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கே பக்கத்தில் வந்து, நீ வீட்டுக்குப் போவது நல்லது என்ற பொருளில் சொன்னார். பாசோன்ஸ் பாதியிலேயே விலகினார். ஆம்ஸ்ட்ராங் அந்த ஆண்டு தொடங்கி ஏழு முறை ஜெயித்தார், ஏழும் ஊக்கமருந்துக்காக 2012இல் பறிக்கப்பட்டன. பாசோன்ஸுக்குப் போன வாழ்க்கை திரும்பவில்லை.

‘வேண்டுமென்றால் எடுத்துக்கொள், வேண்டாமென்றால் விடு’ என்ற சுதந்திரம் உச்சநிலை விளையாட்டில் நிலைக்காது. நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வாழ்க்கை தீர்மானமாகும் இடத்தில், முதல் ஆள் எடுத்த கணமே அடுத்தவரின் ‘வேண்டாம்’ என்பதற்கு மதிப்புப் போய்விடும். ஊக்கமருந்துத் தடைக்கு ஆதரவாக உள்ள வலுவான காரணம் இதுதான் என்பேன். ஆன்மா என்று மேகத்தில் ஏற வேண்டியதில்லை. கட்டாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி இருக்கிறது. 1974இல் தொடங்கிய அரசுத் திட்டம் 14.25இன் கீழ், பள்ளி வயதுச் சிறுமிகளுக்குக்கூட விட்டமின் என்று சொல்லி நீலநிற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தார்கள். குரல் உடைந்தது, கல்லீரல் கெட்டது. திட்டத்தின் தலைகள் இருவர் மீது 2000இல் பெர்லின் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகி, சிறைக்குப் போகாத ஒத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது.

அதற்காகத் தடையைக் காப்பாற்ற வீரர்கள் கொடுக்கும் விலையைச் சின்னதாகப் பேசக்கூடாது. உச்சநிலை வீரர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே பதிவு செய்து வைக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால், மருந்தே தொடாதவருக்கும் தடை. சிறுநீர் கொடுக்கும்போது ஓர் அதிகாரி நேராக நின்று பார்ப்பார். உடம்புக்குள் எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் பொறுப்பு வீரருடையதே. 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பிரிட்டன் பனிச்சறுக்கு வீரர் அலைன் பாக்ஸ்டர், போட்டிக்கு முன் மூக்கடைப்புக்கு விக்ஸ் இன்ஹேலரை உறிஞ்சினார். அமெரிக்கக் கடையில் வாங்கியதில், அவர் ஊரில் விற்பதில் இல்லாத ஒரு பொருள் இருந்தது. ஏமாற்ற நினைக்கவில்லை என்று நடுவர் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. வெண்கலம் மட்டும் திரும்பவில்லை.

இந்தக் கண்காணிப்பே வேண்டாம், எல்லாவற்றையும் திறந்துவிடுவோம் என்று கிளம்பியதுதான் ‘என்ஹான்ஸ்டு கேம்ஸ்’. ஆஸ்திரேலியத் தொழில்முனைவர் ஆரோன் டி’சூசா தொடங்கியது. மருத்துவக் கண்காணிப்பில் மருந்து எடுக்கலாம் என்பது விதி. 2025 பிப்ரவரியில் கிறிஸ்டியன் கோலோமேவ் அவர்களுக்காக 50 மீட்டரை 20.89 விநாடியில் நீந்தி 10 லட்சம் டாலர் பெற்றார். அன்றைய உலக சாதனை 2009இல் பிரேசிலின் சேசர் சியேலோ நீந்திய 20.91. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சியேலோவின் நேரம் தடைக்கு முந்தைய பாலியூரித்தேன் உடையில் வந்தது. கோலோமேவ் மருந்தும் எடுத்து, அந்த வகை உடையும் போட்டுக்கொண்டு, அதை ஒரு விநாடியில் நூறில் இரண்டு பங்குதான் முந்தினார். மருந்து பறக்க வைக்கும் என்று விளம்பரம் செய்பவர்களுக்கு இது அவ்வளவு நல்ல விளம்பரம் இல்லை.

சீர்செய்வதும் கூட்டுவதும்

மருத்துவம் நோயைத் தீர்க்கலாம், திறனைக் கூட்டக்கூடாது என்று ஒரு கோடு போடலாமே என்றால், அதுவும் வழுக்குகிறது. 1974இல் டாக்டர் பிராங்க் ஜோப், பேஸ்பால் வீரர் டாமி ஜானின் முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதிலாக மணிக்கட்டிலிருந்து எடுத்த ஒன்றை வைத்துத் தைத்தார். அறுவைக்கு முன் 124 ஆட்டங்கள் ஜெயித்திருந்த ஜான், பிறகு 164 ஜெயித்தார். கண் லேசர் சிகிச்சை செய்துகொண்டு இயல்பான பார்வையையும் தாண்டிய கூர்மையோடு திரும்பும் கோல்ஃப் வீரர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஜெர்மனியின் நீளம் தாண்டும் வீரர் மார்கஸ் ரேமுக்கு 14 வயதில் படகு விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கார்பன் பிளேடில் உந்தி 2023இல் 8.72 மீட்டர் தாண்டினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் 8.41 மீட்டருக்கு, பாரிஸில் 8.48க்கு. இழந்ததைத்தான் பிளேடு ஈடு செய்கிறதா, மேலும் கொஞ்சம் கொடுக்கிறதா? ஓடிவரும்போது அது அவருக்குப் பாதகம், உந்தும்போது சாதகம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். இரண்டையும் கழித்து மீதி எவ்வளவு என்று யாராலும் உறுதியாகக் கூற முடியவில்லை. ஒலிம்பிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

இனி வரப்போவது மரபணு. 1990களின் இறுதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லீ ஸ்வீனி எலிகளின் தசையில் ஒரு மரபணுவைச் சேர்த்து, வயதானாலும் வலுக்குறையாத எலிகளை உருவாக்கினார். தசைநோய்க்கு மருந்து தேடிய ஆராய்ச்சி அது. செய்தி வெளியானதும் அவருக்குத் தொலைபேசி செய்தவர்களில் வீரர்களும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். வாடா 2003இலேயே மரபணு ஊக்கத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. வளர்ந்த வீரர் ஊசி போட்டுக்கொண்டால் அந்தத் தடை பொருந்தும். வெளியிலிருந்து வந்த மரபணுத் துண்டை இரத்தத்தில் தேடவும் வழி உண்டு.

ஆனால் 2018இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்து உலகை அதிர வைத்தார். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கச் செய்தேன் என்றார்; சிறைக்கும் போனார். நாளைக்கு ஒருவர் மாண்டிராண்டா குடும்பத்து மாற்றத்தையே ஒரு கருவில் செய்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, 20 வயதில் பனிச்சறுக்கில் எல்லோரையும் 40 விநாடி பின்னால் விட்டுவிட்டு வருகிறது. சோதனைச் சாவடியில் அதிகாரி படிவத்தை நீட்டுவார். கடந்த ஏழு நாளில் என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். ‘எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதில் பொய் இருக்காது.